அகமும் புறமும்: இன்பத்திற்காக வாசித்தல்

பள்ளி விடுமுறையின் கடைசி நாள். படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி தன் நிலாம் பதிவேட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். விடுமுறையில் அவள் இரண்டு நூல்களை வாசித்திருந்தாள். ஒன்று, விமான விபத்தில் சிக்கி, அடர்ந்த காட்டில் தனியே தவித்த ஓர் இளம்பெண்ணின் உண்மை வரலாறு. அதை அவள் நூலகத்திலிருந்து இரவல் பெற்றிருந்தாள். மற்றொன்று, பாட்டியின் அலமாரியில் இருந்த காதல் நாவல். அட்டை கிழிந்து, முதுகில் தாள் ஒட்டப்பட்ட பழைய புத்தகம் அது.

முதல் நூலின் தலைப்பு, ஆசிரியர் பெயர், பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம் ஆகியவற்றை அவள் அழகாக எழுதி முடித்தாள். அடுத்த வரியில் பேனாவை வைத்தவள், சற்று யோசித்தாள். பிறகு எதுவும் எழுதாமல் பதிவேட்டை மூடினாள். அருகில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி அதைக் கவனித்துவிட்டார்.

“ஏம்மா, நான் கொடுத்த புத்தகத்தை எழுதலையா?”

“அது வெறும் காதல் கதைதானே, பாட்டி. ஆசிரியை என்ன நினைப்பாங்களோ!”

“படிக்கிறப்போ பிடிச்சுதா?”

“ரொம்பப் பிடிச்சது. ஒரே நாளில் முடிச்சிட்டேன்.”

“அப்புறம் அதைச் சொல்ல என்ன வெட்கம்?”

அந்தக் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. நம்மில் பலரிடமும் இல்லை. தேர்வுக்காகப் படிக்கும் நூலை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் வைக்கிறோம். இன்பத்திற்காகப் படிக்கும் நூலைத் தலையணைக்கு அடியில் மறைக்கிறோம். உயிர் பிழைத்தவரின் கதை பயனுள்ளது, காதல் கதை பொழுதுபோக்கு என்று நாமே தரம் பிரித்துக்கொள்கிறோம். இந்தத் தரப் பிரிவு சரியானதா? சற்று ஆராய்வோம்.

முன்னோர் வகுத்த வழி

பண்டைத் தமிழர் இலக்கியத்தின் பொருளை அகம், புறம் என இரண்டாகப் பிரித்தனர். அகம் என்பது காதல் வாழ்க்கை. புறம் என்பது வீரம், கொடை, போர், இழப்பு போன்ற வெளியுலக வாழ்க்கை. எட்டுத்தொகை நூல்களுள் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்தும் அகநூல்கள். பதிற்றுப்பத்தும் புறநானூறும் புறநூல்கள். பரிபாடலில் இரண்டும் கலந்து வருகின்றன. காதலைப் பாடுவது தாழ்வானது என்று அப்புலவர்கள் கருதியிருந்தால், எட்டில் ஐந்து நூல்கள் அகநூல்களாக அமைந்திரா.

இவ்விரு வகைக்கும் இடையே கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாடல்களில் காதலர்க்குப் பெயர் இல்லை. தலைவன், தலைவி, தோழி என்றே அவர்கள் குறிக்கப்படுவார்கள். அவர்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. புறப்பாடல்களிலோ பாரி, பேகன், அதியமான் என்று பெயர்கள் வெளிப்படையாக இடம்பெறுகின்றன.

ஏன் இந்த வேறுபாடு? காத்திருத்தல், ஊடல், பிரிவு, மீண்டும் கூடுதல் ஆகியவை எல்லார்க்கும் பொதுவானவை. பெயர் இல்லாததால், படிக்கும் ஒவ்வொருவரும் தம்மையே அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால், அரிய செயலைச் செய்த ஒருவரின் பெயரும் ஊரும் மறைந்துவிட்டால், அச்செயல் நடந்ததற்கே சான்று இல்லாமல் போய்விடும். ஆகவே புறத்திற்குப் பெயர் தேவைப்படுகிறது.

இன்றைய காதல் நாவல்கள் அகத்தின் வழியில் வந்தவை. உயிர் பிழைத்தோரின் உண்மைக் கதைகள் புறத்தின் வழியில் வந்தவை. ஒன்று நம் உள்ளத்தை நமக்குக் காட்டுகிறது. மற்றொன்று பிறர் பட்ட பாட்டை நமக்குக் காட்டுகிறது.

காதல் கதை தரும் இன்பம்

காதல் கதையை மறைக்கும் பழக்கம் இன்று தோன்றியதன்று. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதில் அவருடைய பெயர் அச்சிடப்படவில்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அவருடைய நாவல்களை உலகம் வாசித்துக்கொண்டிருக்கிறது.

1813இல் வெளிவந்த அவருடைய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் நாவலில், எலிசபெத் என்ற பெண் டார்சி என்பவரைக் கண்டதும் செருக்குடையவர் என முடிவு கட்டிவிடுகிறாள். பின்னர் அவர் எழுதிய ஒரு கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்து, தன் கணிப்பில் இருந்த பிழையை உணர்கிறாள். ஒருவரைப் பற்றி நாம் கொண்ட முதல் எண்ணம் தவறாக இருக்கலாம் என்பதை எந்த அறிவுரையும் இல்லாமல் அக்கதை உணர்த்திவிடுகிறது.

தமிழிலும் இத்தகைய நாவல்களுக்குப் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாவலைப் படித்து உருகியோர், அதன் கதைமாந்தர்களான பூரணி, அரவிந்தன் ஆகியோரின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர். மருத்துவராகப் பணியாற்றியவாறே எழுதிய லட்சுமி, குடும்பத்தையும் பெண்களின் மனத்தையும் மையமாகக் கொண்ட பல நாவல்களைத் தந்தார். 1984ஆம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ரமணிசந்திரனின் நாவல்கள் தலைமுறை கடந்து வாசிக்கப்படுகின்றன.

காதல் நாவலின் முடிவு பெரும்பாலும் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இருவரும் இறுதியில் ஒன்றுசேர்வர் என்று முதல் அத்தியாயத்திலேயே ஊகித்துவிடுகிறோம். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. ஏனெனில், ‘என்ன நடக்கும்?’ என்பதைவிட ‘எப்படி நடக்கும்?’ என்பதே அங்கே முக்கியம். சொல்லவேண்டிய ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதால் பிரிவு எப்படி வருகிறது? மன்னிப்புக் கேட்கும் துணிவு எப்படிப் பிறக்கிறது? இவற்றைக் கதைமாந்தரோடு சேர்ந்து நாமும் கற்பனையில் வாழ்ந்து பார்க்கிறோம்.

எனினும், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தல் கூடாது. சில கதைகளில் நாயகன் நாயகியை மிரட்டுவதும், அவள் யாரோடு பேசவேண்டும் என்று கட்டளையிடுவதும் அன்பின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன. அத்தகைய இடங்களில் நின்று, ‘இது அன்பா, அடக்குமுறையா?’ என்று கேட்கப் பழகவேண்டும். கதையை விரும்பி வாசித்துக்கொண்டே அதை எதிர்த்துக் கேள்வி கேட்பவரே நல்ல வாசகர்.

உயிர் பிழைத்தோர் கதை தரும் இன்பம்

இப்போது அந்த மாணவி வாசித்த மற்றொரு நூலைப் பார்ப்போம். அது ஜூலியானே கோப்கே என்பவரின் வரலாறு. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், பெரு நாட்டில் அவர் தம் தாயாருடன் பயணம் செய்த விமானம் இடிமின்னலில் சிக்கி நடுவானில் சிதறியது. அப்போது அவருக்கு வயது 17. இருக்கையோடு பிணைக்கப்பட்டவாறு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவர் அமேசான் காட்டில் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. கையில் ஆழமான வெட்டுக்காயம். மூக்குக் கண்ணாடி தொலைந்துபோனது. ஒரு காலில் மட்டுமே காலணி இருந்தது. தாயாரைக் காணவில்லை.

ஜூலியானேயின் பெற்றோர் இருவரும் விலங்கியல் ஆய்வாளர்கள். அவர்களோடு காட்டில் வாழ்ந்த பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. காட்டில் வழி தவறினால் நீரோடையைப் பின்பற்றிச் செல்லவேண்டும், ஓடை ஆற்றைச் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்று தந்தையார் சொல்லியிருந்தார். அதை நினைவில் வைத்து அவர் நடந்தார், நீந்தினார். பத்தாம் நாள் ஆற்றங்கரையில் ஒரு படகையும் குடிலையும் கண்டார். கையில் இருந்த புண்ணில் புழுக்கள் நெளிந்தன. படகு இயந்திரத்தின் எண்ணெயை அதில் ஊற்றி அவற்றை வெளியேற்றினார். படகை எடுத்துக்கொண்டு போய்விட அவருக்கு மனம் வரவில்லை. அது திருட்டு ஆகிவிடும் என்று எண்ணினார். மறுநாள் அங்கு வந்த மரம் வெட்டுவோர் அவரைக் காப்பாற்றினர். பிற்காலத்தில் அவரும் விலங்கியல் ஆய்வாளராகி, அதே காட்டுக்குத் திரும்பிச் சென்று பணியாற்றினார்.

கடலில் உயிர் பிழைத்த ஒருவரின் கதையும் நாம் அறியவேண்டியது. ஹைனான் தீவில் பிறந்த பூன் லிம், ‘பென்லோமண்ட்’ என்னும் பிரிட்டிஷ் கப்பலில் பணியாளராக இருந்தார். 1942ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அட்லாண்டிக் கடலில் அக்கப்பல் குண்டு தாக்கி மூழ்கியது. சிறிய மரத்தெப்பம் ஒன்றில் அவர் ஏறிக்கொண்டார். அதில் இருந்த பிஸ்கட்டும் தண்ணீரும் தீரத் தொடங்கின. கைவிளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில்முள் செய்தார். கயிற்றைப் பிரித்துத் தூண்டில் கயிறாக்கினார். துணியை விரித்து மழைநீரைச் சேகரித்தார். உடல் தளராமல் இருக்கத் தெப்பத்தைச் சுற்றி நீந்தினார். இவ்வாறு 133 நாள்கள் தனியே வாழ்ந்தார். 1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரேசில் நாட்டு மீனவர்கள் அவரை மீட்டனர்.

இவ்விரு கதைகளிலும் நம்மை ஈர்ப்பது எது? அதிசயம் மட்டுமன்று. அடுத்த அடியை எங்கே வைப்பது, கிடைத்த பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்று அவர்கள் எடுத்த சிறு சிறு முடிவுகளே நம்மைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்கின்றன. நம் வாழ்வில் விமானம் சிதறுவதில்லை. ஆனால் தேர்வில் தோல்வி, நோய், நெருங்கியவரின் மறைவு ஆகியவை வருகின்றன. முழுப் பாதையும் தெரியாதபோதும் அடுத்த அடியை எடுத்து வைக்கலாம் என்ற தெம்பை அக்கதைகள் தருகின்றன.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. ஜூலியானே சென்ற விமானத்தில் 92 பேர் இருந்தனர். மற்ற 91 பேரும் உயிரிழந்தனர். அவர்களுக்கு மனவுறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. உயிர் பிழைப்பதில் துணிவுக்கும் அறிவுக்கும் பங்கு உண்டு; நற்பேற்றுக்கும் பங்கு உண்டு. ஒருவரின் வெற்றியைப் போற்றும்போது, திரும்பி வராதவரைக் குறைத்து எண்ணக்கூடாது.

பனித்தீவில் ஒரு சமையல் புத்தகம்

இன்பத்திற்காக வாசிப்பது வீண்வேலை என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்வைச் சொல்லலாம். 1914ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஷாக்கில்டன் தலைமையில் ‘எண்டியூரன்ஸ்’ என்னும் கப்பலில் 28 பேர் தென்துருவப் பகுதிக்குச் சென்றனர். பனிப்பாறைகள் அக்கப்பலை நெருக்கி நொறுக்கின. 1915ஆம் ஆண்டு நவம்பரில் அது மூழ்கியது. தப்பியவர்கள் 1916ஆம் ஆண்டு ஏப்ரலில் யானைத் தீவு எனப்படும் பனித்தீவை அடைந்தனர். அங்கிருந்து ஷாக்கில்டனும் ஐவரும் உதவி தேடிச் சிறு படகில் புறப்பட்டனர். எஞ்சிய 22 பேர், கவிழ்த்து வைத்த இரு படகுகளைக் கூரையாக்கி, நான்கு மாதத்திற்கு மேல் அதனடியில் காத்திருந்தனர்.

அவர்களின் உணவு பெரும்பாலும் கடல்நாயும் பென்குவினுமே. அவர்களுள் ஒருவரிடம் மலிவு விலைச் சமையல் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வோர் இரவும் அதிலிருந்து ஒரே ஒரு குறிப்பு மட்டும் உரக்க வாசிக்கப்பட்டது. புத்தகம் விரைவில் தீர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே நாளுக்கு ஒன்று என வைத்துக்கொண்டனர். அந்தப் பண்டங்களைச் சமைக்க அங்கு எதுவும் இல்லை. அந்த வாசிப்பால் வயிறு நிறையவில்லை. ஆயினும் நாளை இரவு கேட்பதற்கு இன்னொன்று இருக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1916ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் மீட்புக் கப்பல் வந்தது. 22 பேரும் உயிருடன் இருந்தனர்.

பாட்டி சொன்ன கதை

அன்று மாலை, அந்த மாணவி ஜூலியானேயின் கதையைப் பாட்டிக்குச் சொன்னாள். கதை முடிந்ததும் பாட்டி கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“எங்க அப்பாவும் காட்டிலிருந்து பிழைச்சு வந்தவர்தாம்மா,” என்றார்.

சயாம்-பர்மா இரயில் பாதையைப் பற்றி அவள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தாள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பலர் மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரத்தைப் பேசுகின்றன. ஆனால் தன் குடும்பத்திலேயே ஒருவர் அங்குச் சென்று திரும்பியது அவளுக்குத் தெரியாது.

“அப்பாவைக் கூட்டிட்டுப் போனப்போ எங்க அண்ணன் கைக்குழந்தை. ரெண்டு வருசத்துக்கு மேல சேதியே இல்ல. அவர் செத்துட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அம்மா நம்பல, தாலியைக் கழற்றவும் இல்ல. போர் முடிஞ்ச பிறகு ஒருநாள் லயத்து வாசல்ல எலும்பும் தோலுமா ஒருத்தர் வந்து நின்னாராம். அம்மாவுக்கு முதல்ல அடையாளம் தெரியல. பேசின பிறகுதான் தெரிஞ்சுதாம். அதுக்கு அப்புறம் பிறந்தவ நான்.”

“ஏன் பாட்டி இதை முன்னாடியே சொல்லல?”

“நீ கேட்கலையே. அப்பா சயாமைப் பத்திப் பேசமாட்டாரு. அம்மா காத்திருந்ததைப் பத்திப் பேசமாட்டாங்க. எனக்குக் காத்திருக்கிற கதைன்னா அப்போதிருந்தே பிடிக்கும்.”

கிழிந்த அட்டையுடைய அந்தக் காதல் நாவலை மாணவி எடுத்துப் பார்த்தாள். ஒருவர் உயிர் பிழைத்து வந்த கதையும், ஒருவர் அவருக்காகக் காத்திருந்த கதையும் அவள் வீட்டில் ஒரே கதையாக இருந்தன. காட்டிலிருந்து திரும்பியவரை மட்டும் பேசினால் அக்கதையில் பாதி விடுபட்டுப்போகும்.

சயாம் இரயில் பாதை அமைந்த காஞ்சனாபுரியில், அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் அவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் தொழிலாளர்களுள் பெரும்பாலோர்க்கு அப்படியொரு கல் இல்லை. புறத்திற்குப் பெயர் தேவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

“கொள்ளுத் தாத்தா பேர் என்ன, பாட்டி? கொள்ளுப் பாட்டி பேரையும் சொல்லுங்க,” என்று அவள் கேட்டாள். பாட்டி சொன்ன இரு பெயர்களையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பிறகு, வெறுமையாக விட்டிருந்த வரிக்குத் திரும்பினாள். நாவலின் தலைப்பையும் ஆசிரியரின் பெயரையும் எழுதினாள். ‘கருத்து’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசிக்கவில்லை. ‘இந்நூல் எனக்கு மகிழ்ச்சி தந்தது’ என்று எழுதிப் பதிவேட்டை மூடினாள்.

சிந்தித்து விடையளித்திடுக

1. மாணவி காதல் நாவலைப் பதிவேட்டில் எழுதத் தயங்கியது ஏன்?
2. அகப்பாடல்களில் பெயர் சுட்டப்படாமைக்கும் புறப்பாடல்களில் பெயர் சுட்டப்படுவதற்கும் கட்டுரை கூறும் காரணங்கள் யாவை?
3. யானைத் தீவில் நாளுக்கு ஒரு சமையல் குறிப்பு மட்டும் வாசிக்கப்பட்டது எதனால்? அதிலிருந்து நீ உணர்வது யாது?
4. காதல் நாவல்களையும் உயிர் பிழைத்தோர் கதைகளையும் வாசிக்கும்போது மனத்தில் கொள்ளவேண்டியவை என்று கட்டுரையாசிரியர் கூறுவன யாவை?
5. உன் குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் அவர் இளமையில் விரும்பி வாசித்த நூலைப் பற்றியும், அதை விரும்பிய காரணத்தைப் பற்றியும் கேட்டு அறிந்து, 120 சொற்களில் எழுதுக.